ரெண்டு இஞ்ச் கூட வச்சு

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டு பிரிசில்லா மேடம் கொடுத்தது. உடுமலையில் என் மகள் தாரிகாவுக்குக் கை கால் பயிற்சி தருகிற பிசியோதெரபி மேடம். குழந்தை தினமும் என்ன சாப்பிட்டாள், எத்தனை தடவை இருமினாள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள் என்று எழுதச் சொன்னார்கள். என் மனைவி சுகுணாவுக்கு எழுத நேரமில்லை. எனக்கு எழுத வராது, பத்தாவதில் தமிழ் முப்பத்தெட்டு மார்க். வராதவனிடம் நேரம் இருந்ததால் நோட்டு என் கைக்கு வந்தது.

இன்றுதான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டார்கள். இந்த வருஷத்தில் மூன்றாவது நிமோனியா. டாக்டர் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். தொண்டைக்குக் கீழே வழி இரண்டாகப் பிரிகிறது, ஒன்று வயிற்றுக்கு, இன்னொன்று நுரையீரலுக்கு. நம் பிள்ளைக்குச் சாப்பாடு வழி மாறிப் போகிறது. நாலரை வயசாகியும் தானாக உட்கார மாட்டாள், கழுத்து நிற்காது. அதனால் சுகுணா காலை நீட்டி அதில் படுக்கப் போட்டுத்தான் ஊட்டுவாள். அதுதான் தப்பு என்றார்.

"வயித்துல சின்னதா ஓட்டை போட்டு டியூப் வச்சிரலாம். வாய் வழியா இனி வேண்டாம்."

சுகுணா எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. இன்று பேசினாள். "நாக்குல ருசியே படாம எப்படிங்க டாக்டர்? அந்தப் புள்ளைக்கு வேற என்னங்க இருக்குது?"

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். கடைசியில் ஆறு வாரம் கொடுத்தார். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்ட வேண்டும். எடை குறையக் கூடாது. ஜூலை 21 அன்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். சாப்பாடு நேர்வழியில் போனால் வாய். இல்லாவிட்டால் டியூப்.

திரும்பி வரும்போது பிரிசில்லா மேடத்திடம் கேட்டோம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மூலை நாற்காலி என்று ஒன்று உண்டாம். சுவர் மூலை போல முதுகுப்பக்கம் இரண்டு பலகை சேர்ந்து நிற்கும், முன்னால் ஒரு தட்டு. சென்னையில் சொன்னால் வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

"நானே செஞ்சுக்கறனுங்க மேடம்."

"நீங்க கார்பென்டரா?"

"இல்லீங். ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டர். மரவேலை ஆசைக்குச் செய்யறதுங்க."

சுகுணா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

ராகிக் கூழ் அரை டம்ளர், பருப்பு சாதம் நாலு ஸ்பூன். இருமல் 11.

சுகுணா ஏன் காலண்டரைப் பார்த்தாள் என்பதையும் எழுதிவிடுகிறேன். இருப்பது ஆறே வாரம், செய்வது நான். போனில் வீடியோ பார்த்து நான் கற்றுக்கொண்ட தொழில் இது. மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குள் ஒரு செருப்பு ஸ்டாண்டு செய்தேன், அருமையான வேலை. செய்து முடித்த பிறகுதான் அது மாடிப்படிக் கதவில் நுழையாது என்று தெரிந்தது. இப்போது அதில் புறாக்கள் குடியிருக்கின்றன. அடுத்தது சாமி அலமாரி. அது ஒரு நூல், அரைக்கால் இஞ்ச்தான், சாய்ந்துவிட்டது. விளக்கில் சிந்துகிற எண்ணெய் எல்லாம் ஒரே பக்கம் ஓடி முருகன் படத்தை நனைக்கும். "முருகனுக்கு மட்டும் தினமும் அபிஷேகம்" என்பாள் சுகுணா.

ஜூன் 12, வியாழன்

இருமல் 9. கூழ் முக்கால் டம்ளர்.

மேடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால், இடுப்பு அகலம், அக்குள் உயரம். குழந்தையை உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும் என்று கோடு போட்டு எழுதியிருந்தது. ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் வந்தபோது அவள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். டேப்பை அவள் மேலே படாமல் பக்கத்தில் நீட்டி அளந்துகொண்டேன்.

"உக்கார வச்சு அளக்கோணும்னாங்களே," என்றாள் சுகுணா.

"தூங்கற புள்ளய எதுக்கு எழுப்பறது? அளவு எங்கீம் ஓடிப் போயிராது."

எல்லா அளவிலும் இரண்டு இஞ்ச் கூட்டி எழுதினேன். வளர்கிற பிள்ளை. எனக்கு ஆறாம் வகுப்பில் தைத்த டிரவுசரை எட்டாவது வரை போட்டேன். எங்கள் அம்மா அடியில் மடித்துத் தைத்திருப்பார், வருஷம் ஒரு மடிப்பு பிரிப்பார். தாரிகாவின் பட்டுப்பாவாடையையும் அப்படித்தான் எடுத்தோம். ஆறு வாரத்துக்கு ஒரு நாற்காலி, அடுத்த வருஷம் இன்னொன்று என்று யார் செய்வார்கள்?

ஜூன் 14, சனி

இருமல் 8.

பழனி ரோட்டு மரக்கடையில் கபூர் பாயிடம் பிளைவுட்டும் தேக்குத் துண்டுகளும் வாங்கினேன்.

"என்ன ஃபிட்டர், இந்தத் தடவ மாடிலயா, கீழயா?"

"கீழ, பாய். வீட்டுக்குள்ளயே."

"அப்ப வெளிய எடுக்க முடியாது." கடை முழுக்கச் சிரித்தது. எதற்கு என்று சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, கணு இல்லாத துண்டாக அவரே பொறுக்கிக் கொடுத்தார்.

ஜூன் 17, செவ்வாய்

இருமல் 9. கோட்டின் மேலேயே அறுத்துவிட்டேன். ரம்பத்தின் தடிமன் ஒரு நூல் தின்கிறது என்பதை எத்தனையாவது தடவையாகக் கற்றுக்கொள்கிறேனோ.

ஜூன் 22, ஞாயிறு

நாற்காலி முடிந்தது. ரோஸ் கலர் பெயிண்ட். மூலையை உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "கடையில வாங்குனதாட்டவே இருக்குதுங்க" என்றார்கள். நான் அதைக் காதில் விழாத மாதிரி இரண்டு தடவை சொல்ல வைத்தேன்.

பதினொரு மணிக்குச் சுகுணா தாரிகாவை அதில் உட்கார வைத்தாள். குழந்தை வழுக்கிக்கொண்டு கீழே போனாள். கால் தரைப்பலகைக்கு எட்டவில்லை. தட்டு கழுத்துக்கு வந்தது, தலை மார்பில் மடங்கியது. இரண்டு பக்கமும் தலையணை திணித்தோம். அதற்குப் பிறகு நிமிர்ந்த மாதிரிதான் தெரிந்தது. நான்தான் சொன்னேன், "ஊட்டு, சரியாத்தான் இருக்குது."

மூன்றாவது ஸ்பூனில் சத்தம் நின்றுவிட்டது. இருமல் இல்லை, அழுகை இல்லை. உதடு நீலமானது. சுகுணா தட்டைப் பிடுங்கி எறிந்து, பிள்ளையை வெளியே இழுத்துத் தன் முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். எத்தனை தட்டு என்று எண்ணவில்லை. சாதம் வெளியே வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

நான் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 23, திங்கள்

காய்ச்சல் 101.

ஜூன் 24, செவ்வாய்

காய்ச்சல் 100. டாக்டர் போனில் மருந்து சொன்னார். நெஞ்சில் சளி கட்டினால் உடனே கொண்டுவரச் சொன்னார், அப்படி வந்தால் டியூப் வைத்துத்தான் அனுப்புவாராம். கூழ் கால் டம்ளர்.

ஜூன் 26, வியாழன்

காய்ச்சல் இல்லை. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று இங்குள்ள டாக்டர் சொன்னார். தப்பித்தோம்.

நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பிரிசில்லா மேடத்திடம் போனோம். என்னைவிட பத்து வயசு சின்னவர். நாற்காலியைச் சுற்றி வந்தார்.

"வேலை அழகா இருக்கு. இது யாருக்குச் செஞ்சது?"

"எம்புள்ளைக்குத்தானுங்க."

"எத்தனை வயசுப் பிள்ளைக்கு?"

நான் இரண்டு இஞ்ச் கதையைச் சொன்னேன். டிரவுசர் கதையையும் சொன்னேன், சிரிப்பார்கள் என்று நினைத்து.

"துணி பெருசா இருந்தா மடிச்சுத் தைக்கலாம் அண்ணா. முதுகெலும்ப எப்படி மடிக்கிறது? அடுத்த வருஷம் வளரப்போற பிள்ளைக்கு நாற்காலி செஞ்சிருக்கீங்க. இன்னைக்கு இருக்கிற பிள்ளை எங்க உக்காரும்?"

நான் தட்டின் ஓரத்தை உள்ளங்கையால் தடவினேன்.

"அளவு எடுக்கும்போது எங்க சாய்ஞ்சா? இடமா, வலமா?"

படுத்திருக்கும்போது அளந்தேன் என்று சொன்னேன்.

"சரி, இப்ப உங்க மடியில உக்கார வைங்க. பாக்கலாம்."

"கையெல்லாம் எண்ணெய்ங்க மேடம். ஷிஃப்டுல இருந்து நேரா..."

"கழுவிட்டு வாங்க. நான் இருக்கேன்."

"சட்டையும் அழுக்குங்க."

சுகுணா குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். கோபமே இல்லாத குரல். "அவரு தூக்க மாட்டாருங்க மேடம்."

"எப்ப இருந்து?"

"மூணரை வருஷமா."

மேடத்தின் மேஜை மேல் ஒரு மர யானை இருந்தது. நல்ல தேக்கு. தும்பிக்கை மட்டும் தனியாகச் செய்து ஒட்டியது.

ஜூன் 27, வெள்ளி

இருமல் 7. எழுத ஒன்றுமில்லை. மில்லில் பெல்ட் மாற்றினேன்.

ஜூன் 29, ஞாயிறு

இருமல் 8. கூழ் அரை டம்ளர்.

மூன்றரை வருஷத்துக்கு முன்னால் நடந்தது. தாரிகாவுக்கு அப்போது பதினோரு மாதம். மாரியம்மன் நோன்பு, தெருவில் மேளம் போனது. நான் வாசல்படியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று அவள் கையும் காலும் ஆட ஆரம்பித்தன. அடிக்கு அடி சரியாக. எனக்குப் பெருமை தாங்கவில்லை. போனை எடுத்து வீடியோ பிடித்தேன். "எம்புள்ள டான்ஸ்" என்று போட்டுச் சொந்தக்காரர்கள் குரூப்பில் அனுப்பினேன். பதினாலு பேர் சிரித்த முகம் போட்டார்கள். பெரியப்பா மகன் கைதட்டுப் படம் போட்டான். நானும் கைதட்டிக்கொண்டு இருந்தேன்.

சுகுணா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், அவள் போனில் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அவள் வந்துதான் அது ஆட்டமில்லை, வலிப்பு என்று தெரிந்தது.

மூளையில் பிறக்கும்போதே இருந்த கோளாறு, பத்து நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் நல்லவர்கள்.

இதை மேடத்துக்குக் காட்டும் நோட்டில் எழுதியிருக்கக் கூடாது. பேனாவால் எழுதிவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

மேடம் சொன்னது: காலை பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், மடியில். "எங்க பிடிச்சா தலை நிக்குதோ அங்கதான் கட்டை வரணும். டேப் அதைச் சொல்லாது."

கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். சுகுணா என் மடியில் அவளை வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை.

"விடு," என்றேன்.

"விடறேன். மொதல்ல நீங்க மூச்சு உடுங்க."

மூன்று நிமிஷம். கனமே இல்லை. மில்லில் ஒரு நூல் பெட்டி இதைவிட நான்கு மடங்கு இருக்கும். என் சட்டை முழுக்க வேர்வை.

ஜூலை 2, புதன்

ஒன்பது நிமிஷம். இருமல் 6.

இடது பக்கம் சாய்கிறாள். நான் நினைத்தது வலது. இடது விலாவுக்குக் கீழே உள்ளங்கை வைத்தால் தலை தானாக எழும்புகிறது. இரண்டு விரல் மேலே போனால் பலனில்லை. இரண்டு விரல் கீழே போனால் கூச்சம், நெளிகிறாள். கூச்சப்படுவாள் என்பதே எனக்குத் தெரியாது. சுகுணாவிடம் சொன்னேன். "அதெல்லாம் ரொம்ப நாளா," என்றாள்.

ஜூலை 3, வியாழன்

என் தொடையைக் கொஞ்சம் உயர்த்தி, அவள் முழங்கால் இடுப்பைவிட ஒரு விரல் மேலே இருக்கும்படி வைத்தால் விறைத்துப் பின்னால் தள்ளுவதில்லை. பாதம் கட்டாயம் எதன் மேலாவது ஊன்றி இருக்க வேண்டும். என் செருப்பு மேல் வைத்தேன், அது போதுமாக இருந்தது. பன்னிரண்டு நிமிஷம். இருமல் 6.

ஜூலை 5, சனி

புதுப் பலகை வாங்கப் போனேன், வாங்காமல் திரும்பினேன்.

"பழசையே அறுத்துக்கறேன் பாய்."

"பெயிண்ட் அடிச்ச சாமானை யாராச்சும் அறுப்பாங்களா? மனசு வருமா உமக்கு?"

வரவில்லை. முதல் அறுப்பில் ரோஸ் தூள் காலெல்லாம் கொட்டியது. உட்காரும் பலகையில் மூன்றரை இஞ்ச் போயிற்று. நான் கூட்டியது இரண்டுதான். படுத்த பிள்ளையை அளந்ததில் மீதி ஒன்றரை.

ஜூலை 6, ஞாயிறு

இருமல் 5. எடை அப்படியே.

சுகுணா நோட்டைப் படித்திருக்கிறாள். துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"ஏனுங்க, அந்த வீடியோ."

"ம்."

"நானும் மொதல்ல சிரிச்சனுங்க. மாடியில நின்னுட்டு, துணிய தோள்ல போட்டுட்டு, தனியாச் சிரிச்சேன். ரெண்டாவது தடவ போட்டுப் பாத்தப்பத்தான் அவ கண்ணப் பாத்தேன்."

இதைப் பேசாமலே மூன்றரை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். நானும் இரண்டு துணி மடித்தேன். அதைப் பிரித்து மறுபடியும் அவள் மடித்தாள்.

ஜூலை 9, புதன்

மறுபடி ஒரு தப்பு. விலாவைத் தாங்கும் கட்டையை இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் பொருத்திவிட்டேன். ஜோடி சரியாக இருந்தால்தானே பார்க்க நன்றாக இருக்கும்? உட்கார வைத்தால் தலை தொங்குகிறது. இந்தத் தடவை ஊட்டச் சொல்லவில்லை. உடனே தூக்கி மடியில் வைத்து, என் கை எங்கே போகிறது என்று பென்சிலால் அவள் சட்டையிலேயே கோடு போட்டுக்கொண்டேன். இடது கட்டை முக்கால் இஞ்ச் மேலே வர வேண்டும், சற்றுத் தடிமனாக. வலது கட்டை பேருக்கு இருந்தால் போதும்.

பார்க்கக் கோணலாக இருக்கிறது. அவள் உட்கார்ந்தால் அவள் நேராக இருக்கிறாள்.

ஜூலை 12, சனி

நாற்காலியில் பதினைந்து நிமிஷம். பருப்பு சாதம் ஒன்பது ஸ்பூன். இருமல் 3. சுகுணா ஊட்டினாள், நான் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "மொதல்ல செஞ்சதே அழகா இருந்துச்சுங்களே, இதென்ன இப்படிக் கோணையா?" என்றார்கள்.

ஜூலை 16, புதன்

இருமல் 2. எடை நூற்றைம்பது கிராம் கூடியிருக்கிறது. மேடத்தை மூன்று தடவை எடை மிஷினைப் பார்க்க வைத்தேன்.

ஜூலை 19, சனி

இருமல் 4. ஏன் கூடியது என்று தெரியவில்லை. மத்தியானம் தண்ணீர் கொடுக்கும்போது இரண்டு தடவை. சுகுணா தனக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள்.

ஜூலை 21, திங்கள்

எக்ஸ்ரே அறைக்குள் ஒருவர்தான் வரலாம் என்றார் அங்கிருந்த டெக்னீஷியன். ஈயம் வைத்த கனமான கோட்டு ஒன்றுதான் இருந்தது. நான் அதை எடுத்துச் சுகுணாவிடம் நீட்டினேன்.

"நீங்க போங்க," என்றாள்.

"நானா? நீதானே ஊட்டுவ."

"எனக்குக் கை நடுங்குதுங்க. நெசமாத்தான் சொல்றேன், பாருங்க." நீட்டிக் காட்டினாள். நடுங்கத்தான் செய்தது. அவள் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

நாற்காலியை மிஷினுக்கு முன்னால் வைத்தோம். பெல்ட் போட்டேன், பாதத்தை ஊன்ற வைத்தேன். சாதத்தில் ஏதோ வெள்ளை மருந்து கலந்து கொடுத்தார்கள், படத்தில் தெரிவதற்கு. லைட்டை அணைத்ததும் டிவியில் தாரிகா வந்தாள். எலும்பும் நிழலுமாக, பக்கவாட்டில். பலகை எதுவும் தெரியவில்லை. நான் போட்ட ஸ்க்ரூ எல்லாம் மட்டும் அவளைச் சுற்றி வரிசையாக மின்னியது. இரண்டு கோணலாக ஏறியிருந்தது.

"யாருப்பா இத்தனை ஸ்க்ரூ போட்டது?" என்றார் டாக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து.

"நானுங்க."

"குழந்தைக்கா, பாலத்துக்கா? சரி, ஊட்டுங்க."

முதல் ஸ்பூன். வாயில் ஒரு வெள்ளை உருண்டை சேர்ந்தது. அங்கேயே நின்றது. நாக்கு தள்ளியது, திரும்பி வந்தது. எனக்கு அது நல்லதா கெட்டதா தெரியவில்லை. கையை எடுக்காமல் கேட்டேன், "இது என்னங்க டாக்டர், இப்படி நிக்குது?"

"அவசரப்படாதீங்க. அவ யோசிக்கிறா."

உருண்டை நகர்ந்தது. பிரிகிற இடத்துக்கு வந்தது. முன்னால் இருந்த நுரையீரல் வழி மூடிக்கொண்டது, பின்னால் இருந்த வயிற்று வழியில் இறங்கிப் போனது.

இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதில் இடதுபக்கம் லேசாகச் சாய்ந்தாள், கட்டை தாங்கியது. நான்கு. ஐந்து. ஆறாவது வெறும் தண்ணீர். அது மெல்லிய கோடாக ஓடி, பிரிகிற இடத்தில் கொஞ்சம் முன்பக்கம் சிந்தியது. தாரிகா இருமினாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

லைட் போட்டபிறகு டாக்டர் வந்தார். கெட்டியான சாப்பாடு சரியாகப் போகிறது, இதே நாற்காலியில் வாய்வழியே கொடுக்கலாம். தண்ணீர், பால் மாதிரி நீர்த்தவை நேராகப் போவதில்லை. எதைக் குடித்தாலும் கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். டியூப் இப்போதைக்கு வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், என்றைக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

வெளியே வராந்தாவில் சுகுணா எழுந்து நின்றாள்.

"அஞ்சு ஸ்பூன் சாதம்," என்றேன். "அஞ்சும் நேரா போச்சு. தண்ணிதான் கொஞ்சம் வழி தப்புது. டியூப் வேண்டாம்னுட்டாரு, இப்போதைக்கு."

அவள் திரும்பி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆள் நடமாட்டம் உள்ள இடம், நர்ஸ்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாரிகா என் இடது கையில் சாய்ந்து, வாயோரம் வெள்ளை மருந்தோடு, சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகுணா அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. என் கை விறைத்து முழங்கை வரைக்கும் உணர்ச்சியே இல்லை. மாற்றிப் பிடிக்கலாம்தான். தாரிகா தூங்க ஆரம்பித்துவிட்டாள், அப்படியே வைத்துக்கொண்டேன்.